சாமைத்தாள் போரும் சீம்பாலும்

எனக்கு வாய் நீளம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் புதூர்நாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அடுப்புச் சாம்பலை எருக்குழியில் கொட்டுவதற்கு முன்னால் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று மருமகளை நான் திட்டாத காலை கிடையாது. "கண்ண எங்க வெச்சிக்கினு கொட்ற?" என்பேன். அவள் பாவம், பதில் பேசமாட்டாள்.

அன்று அவள் தாய்வீடு போயிருந்தாள். திருப்பத்தூர் ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. அவசரத்தில் சாம்பலை நானே அள்ளி, தண்ணீர் தெளிக்காமல் அப்படியே கொட்டிவிட்டு ஓடினேன். ஓடி என்ன பிரயோஜனம்? ஜீப் நிறைய ஆள் சேரட்டும் என்று டிரைவர் காத்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கூச்சல் கேட்டது. எட்டிப் பார்த்தால், எருக்குழியை ஒட்டியிருந்த பக்கத்து வீட்டுத் தாள் போர் எரிகிறது.

பக்கத்து வீட்டு அக்கா தனியாள். இரண்டு மாடுகள்தான் அவளுக்கு எல்லாம். ஒன்று நிறைசினை. சாமை அறுத்த தாளைப் போராகப் போட்டு வைத்து, மழை பெய்து புல் முளைக்கும்வரை அதைத்தான் மாடுகளுக்குப் போடுவாள். ஊரே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியது. நான் வெறுங்கையால் தாளை இழுத்துப் போட்டேன். ஒன்றும் மிஞ்சவில்லை. தாள் இல்லையென்றால் அவள் மாடுகளை விற்க வேண்டியதுதான்.

அன்று பகல் முழுக்க நான் சோற்றைத் தொடவில்லை. கை கொப்பளித்திருந்தது. உனக்கு வேணும்டி என்று மருந்துகூடப் போடாமல், முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். மருமகளைத் திட்டிய வார்த்தை ஒன்று விடாமல் என்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் அக்கா வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள், நாலு அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவள் கையில் ஒரு கத்தாழை மடல் இருந்தது.

"கைய காட்டு."

"இன்னாத்துக்குக்கா?"

"தாள இழுக்கறப்பவே பாத்தேன். காட்டுடி."

மடலைக் கீறி, கொப்புளம் உடையாமல் மெதுவாகத் தடவினாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ரெண்டு திட்டாவது திட்டிட்டுப் போக்கா."

"அதான் காலையிலேந்து நீயே திட்டிக்கினு கெடக்குறியே, பத்தாதா? சாப்ட்டியா?"

"இல்ல."

"நீ பட்டினி கெடந்தா எம் மாட்டுக்கு வயிறு ரொம்பிடுமா? எழுந்து சாப்புடு. சாப்ட்டுட்டு ஒம் போர்ல பாதித் தாள குடு. அதக் கேக்கத்தான் வந்தேன்."

அடேங்கப்பா! காலையில் எல்லாம் பறிகொடுத்தவள் பேசுகிற பேச்சா இது? என் வாய் அடைத்துப்போனது அன்றுதான். இத்தனை வருஷம் ஒரு வேலிக்கு அந்தப்பக்கம் இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் உறைத்தது. காலையிலிருந்து என்னை நானே வதைத்துக்கொண்டேனே தவிர, என் போரில் தாள் இருக்கிறது, அதைக் கொடுக்கலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. எழுந்து சாப்பிட்டேன். மறுநாள் நானும் வீட்டுக்காரருமாகப் பாதித் தாளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்ப் போட்டோம்.

மருமகள் திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கண்ண எங்க வெச்சிக்கினு கொட்னீங்க அத்த?" என்றாள். சொல்லிவிட்டு அவளே பயந்துபோய் நின்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மழைக்கு முன்னால் அக்காவின் மாடு கன்று போட்டது. கன்று போட்டதும் கறக்கிற சீம்பாலைக் கட்டியாகக் காய்ச்சி, துண்டு போட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது வழக்கம். முதல் கிண்ணத்தை அக்கா எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

"நம்ம தாள் தின்ன மாடு, தின்னு பாரு" என்றாள்.

எப்போதும் எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் பாத்திரத்தை வழித்துத் தின்பவள் நான். அன்று முதல் துண்டை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன்.