திருக்கையும் பாலைவன எலியும்

“திருக்கை கீது, வாங்கிக்கினு போம்மா,” என்று ஆவடி மார்க்கெட்டில் மீன்காரம்மா கூப்பிட்டார். எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பியது.

நான் பள்ளியில் படித்தபோது இங்கே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ராஜஸ்தானுக்கு மாற்றல் வந்தது. தூத்துக்குடிக்காரியான அம்மா வர மறுத்தார். அந்தச் சண்டை நடந்த அன்று வீட்டில் திருக்கைக் குழம்பு.

“அந்தப் பாலைவனத்துல ஒரு எலி இருக்கு. தண்ணியே குடிக்காம மணல்ல பொந்து போட்டுப் பொழைக்குது,” என்றார் அப்பா.

“திருக்கையும் மணல்லதான் பொதஞ்சு கெடக்கும். ஆனா மேல கடல் வேணும்லா?” என்றார் அம்மா.

எலியா, திருக்கையா என்று சோறு ஆறும்வரை பேசினார்கள்.

“என்னை யாரும் கேக்க மாட்டீங்களா? நான் இங்கயே இருக்கணும்,” என்றேன்.

“நீ சாப்பிடு,” என்றார்கள் இருவரும். அதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

அடுத்த மாதம் அப்பா ராஜஸ்தானுக்கு ரயிலேறினார். அம்மா என்னைத் தூத்துக்குடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.