அய்யாவின் காலில் என் வலி

பதினைந்து வயதில் எனக்கு முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குள் வலி. விழவில்லை, அடிபடவில்லை, வீக்கமும் இல்லை. ஒரு வருஷமாக ஒத்தடம், வேப்பெண்ணெய், மந்திரித்த கயிறு எல்லாம் பார்த்தாயிற்று. ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் நான் பெரியவளாகிவிட்டேன். பெரியவளானவள் கல்யாணம்வரை வாசல் தாண்டக் கூடாது. தெற்கிலிருந்து மெட்ராசுக்கு வந்து மண்டி வைத்த எங்கள் ஆட்கள், கருப்பட்டியோடு அந்த வழக்கத்தையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். காலில் கோளாறு என்று பேச்சுக் கிளம்பினால் மாப்பிள்ளையும் கிடைக்கமாட்டான்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்த வலியைத் தனக்கு வந்ததாகச் சொல்லி மருந்து வாங்கப் போனார் அய்யா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

டாக்டர் அவர் காலை அமுக்கிப் பார்த்தாராம். மருந்து கொடுத்த கம்பவுண்டர், "இன்னா நைனா, கள்ளு ஜாஸ்தியா?" என்று கேட்டானாம். கள்ளை மோந்துகூடப் பாராத மனுஷர். அதையும் பொறுத்துக்கொண்டு வந்து, எலும்பில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதாக நிம்மதியாகச் சொன்னார். அன்றிலிருந்து நான் நொண்டினால் பாசாங்கு என்றாள் அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒங்க காலைத்தானய்யா பாத்தாரு?" என்றேன்.

அம்மா அதட்டினாள். மறுநாள் அய்யா என் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தொட்டால் வலிக்கிறது, எப்போது கூடுகிறது என்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தார். கூடத்தில் என்னைப் போலவே நொண்டி நடந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆஸ்பத்திரிக்கு அவர் அப்படியே நொண்டிக்கொண்டு போவதை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை டாக்டர் நம்பிவிட்டார். எலும்புக்குள் ஏதோ இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்தால் என்னவென்று தெரிந்துவிடும் என்றாராம்.

வீட்டுக்கு வந்த அய்யா சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"படத்துல என் எலும்புல்லா விழும்" என்றார்.

"அப்பம் நான் வாரேன்யா. என்னைக் கூட்டிட்டுப் போங்க."

அப்படி நான் எதற்கும் கெஞ்சியதில்லை. பதில் சொன்னது அம்மா.

"கலியாணம் முடியட்டும். பொறவு ஒம் புருசன் கூட்டிட்டுப் போவான்."

அய்யா சரியென்று தலையாட்டிவிட்டு, எழுந்து சட்டையைக் கழற்றினார்.