கிக்குயே தளிர்க்க வைத்த மரம்

அந்த மலையடி ஊரில் கிக்குயேயின் பிடிவாதம் எல்லோருக்கும் பழக்கம். கணவர் போன பிறகு நாஹா நகரத்திலிருந்து மகன் எத்தனையோ முறை கூப்பிட்டும் அவள் அசையவில்லை. கேட்டால் கொல்லையில் நின்ற ஷிகுவாசா என்ற சிற்றெலுமிச்சை மரத்தைக் காட்டுவாள். "இந்தப் புளிப்பை விட்டுட்டு நான் எங்க போறது?"

ஒரு வசந்தத்தில் அந்த மரத்தின் ஒரு கிளை மட்டும் மஞ்சளித்தது. மேட்டுச் சரிவில் அதே ஷிகுவாசாவைத் தோப்பாகப் போட்டுப் பிழைத்துவந்த கொழுந்தன் ஸென்ஷோ வந்து ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தான்.

"அண்ணி, சத்துக் குறைச்சல்னா நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெளுக்கும். இது ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேற மாதிரி இருக்கு. வேளாண் ஆபீசுக்குச் சொல்லிருவோம்."

"சொன்னா வெட்டிட்டுப் போயிருவான். உன் தோப்புல நிக்கிறதெல்லாம் மரம், என்னோடது மட்டும் நோயாளியா? அதுக்குப் பசி தம்பி, வேற ஒண்ணுமில்ல."

அண்ணன் மனைவியின் பேச்சைத் தட்ட மனமில்லாமல் அவன் தோப்புக்குத் திரும்பினான்.

கிக்குயே பன்றி எருவைக் கொட்டினாள். துத்தநாகக் கரைசல் தெளித்தாள். வெளுத்த கிளைகளைக் கழித்து, வெயில் காலம் முழுக்கத் தண்ணீர் சுமந்தாள். மரம் கொத்துக் கொத்தாய்த் துளிர்விட்டது. ஸென்ஷோவை வேலியோரம் நிறுத்தி, "பாத்தியா?" என்றாள். தளிர்களில் எள்ளளவுப் பூச்சிகள் பின்பக்கத்தைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தன. அவள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை.

அடுத்த ஆண்டு காய்கள் கோணிக்கொண்டு சிறுத்தன. அதற்கடுத்த ஆண்டு ஸென்ஷோவின் தோப்பில் கீழ்வரிசை மஞ்சளித்தது. அவனே வேளாண் அலுவலகத்துக்குச் சொன்னான்.

வந்த பெண் கிக்குயேயின் மரத்து இலையை உப்புத்தாளில் தேய்த்து, அதைக் கழுவிய தண்ணீரில் அயோடின் சொட்டுவிட்டாள். தண்ணீர் கறுத்தது. மஞ்சள் தளிர் நோய் என்றாள். ஆய்வுக்கூடமும் பின்னால் அதையே சொன்னது.

"மருந்து?"

"இதுக்கு மருந்தே கிடையாதுங்கம்மா. வெட்டத்தான் வேணும். பின்பக்கத்தைத் தூக்கிட்டு உட்கார்ந்திருக்கே, இந்தப் பூச்சிதான் நோயைச் சுமந்துட்டுப் போகுது. இளந்தளிர்லதான் முட்டை வைக்கும்."

"அப்போ நான் போட்ட எரு..."

அந்தப் பெண் பையை மூடுவதில் மும்முரமானாள்.

ஸென்ஷோவே ரம்பத்தோடு வந்தான். முதலில் அண்ணியின் மரத்தைச் சாய்த்தான். பிறகு மேலே போய்த் தன் தோப்பில் பாதியை வெட்டினான். மீதிப் பாதியும் மறு வருஷம் போனது.

முன்னோருக்குப் படையலிட்டு, வருஷா வருஷம் போல் கல்லறையடியில் குடும்பம் கூடிச் சாப்பிட்ட நாளில் அவன் பாயின் மறு கோடியில் உட்கார்ந்தான். கிக்குயே எழுந்து அவனிடமே போனாள்.

"அன்னிக்கே நீ ஆபீசுக்குச் சொல்லியிருக்கலாமே, தம்பி."

"உங்க மனசு நோகுமேன்னு பார்த்தேன், அண்ணி." அவன் நிமிரவில்லை. "பார்த்திருக்கக் கூடாது."

இலையுதிர் காலத்தில் அவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு நாஹாவில் ஒரு ஓட்டலுக்குத் துணி வெளுக்கப் போனான். ஊர்க் கடையில் அவன் பேச்சு எழும்போதெல்லாம், புயல் காற்று கொண்டுவந்த பூச்சி என்று யாராவது சொல்வார்கள்.

"ஆமா, காத்துதான்" என்பாள் கிக்குயே, வாங்கிய தோஃபுக் கட்டியைப் பையில் வைத்துக்கொண்டே.