முதல் தேத்தண்ணி

தொலைக்காட்சியில் இரண்டு நாடுகள் ஒன்றின்மேல் ஒன்று குண்டு போட்டுக்கொண்டிருந்தன.

"இஞ்ச பாருங்க, இவங்க என்னத்துக்கு அடிபடுறாங்க?" என்று மனைவி கேட்டாள்.

எல்லை, எண்ணெய் என்று விடை சொல்லும் அளவுக்குப் படித்தவன்தான் நான். ஆனால் நினைவுக்கு வந்தது தேத்தண்ணி.

பல வருசங்களுக்கு முன் ஒரு மாரியில் வாவி நிறைந்து வயல்களுக்குள் ஏறியிருந்தது. முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு ஓடும், வயல் தப்பும். கூடவே, வளர்கிற இறாலும் ஓடிவிடும். ஆகவே விவசாயிகள், மீனவர்கள் என்று இரு பக்கத்தாரையும் கூட்டிப் பேசியபின்தான் வெட்டலாம் என்பது நடைமுறை. எங்கள் அரசாங்கக் கந்தோரில் அந்தக் கூட்டத்தை ஒழுங்கு செய்தவன் நான். விவசாயிகள் பக்கம் பேச வந்தவர் என் மனைவியின் தமையன். கதிர் தள்ளவிருந்த அவருடைய பயிர் மூன்று நாளாகத் தண்ணீருக்குள் நின்றது.

கதிரைகள், நிகழ்ச்சிநிரல், வரவுப் பதிவு எல்லாம் விதிப்படி இருந்தன. தேத்தண்ணியை யாருக்கு முதலில் கொடுப்பது என்று மட்டும் எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. தட்டு, கதவோரம் இருந்த விவசாயிகளிடம் முதலில் போனது.

மீனவர் தலைவர் எழுந்தார்.

"முதல் தேத்தண்ணி அவங்களுக்கு. அப்ப முடிவும் எடுத்தாச்சு. எங்களை என்னத்துக்குக் கூப்பிட்ட நீங்க?"

மச்சான் சும்மா இருந்திருக்கலாம். "தேத்தண்ணிக்குள்ள இறால் இல்லையெண்டு கோவம் போல" என்றார்.

விவசாயிகள் சிரித்தார்கள். மீனவர்கள் வெளியேறினார்கள். ஒரு தரப்பு இல்லாமல் கூட்டம் செல்லாது. ஒரு கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்தேன். அந்தக் கிழமைக்குள் பயிர் அழுகிவிட்டது.

பிறகொரு நாள் மச்சான் வீட்டில் இருந்தேன். அவர் என்னோடு இன்னும் சரியாகப் பேசத் தொடங்கவில்லை. படலையில் மீனவர் தலைவர் நின்றார், கையில் ஒரு கூடை இறால்.

"இந்த முறை நல்லாப் பட்டிருக்கு. பிள்ளைகளுக்குக் கொடுங்க."

மச்சான் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

கோப்பைகள் வந்தன.

"நீங்க முதல்ல குடியுங்க" என்றார் மச்சான்.

"சும்மா இருங்க, நீங்கதான் முதல்ல."

இரண்டும் ஆறிப்போயின. நான் என்னுடையதைக் குடித்து முடித்திருந்தேன்.

இன்று இருவரும் இல்லை. மனைவி இன்னும் விடைக்குக் காத்திருந்தாள்.

"உங்கட அண்ணனைக் கேட்டிருக்கவேணும்" என்றேன்.

அவள் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, கேத்திலை அடுப்பில் வைக்கப் போனாள்.