பம்பரத்தின் வாய்ப்பாடு

உள்ளறையிலிருந்து மறுபடியும் அந்தச் சத்தம். கடகட, கடகட. யாரோ தையல் மெஷினை மிதிக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, சின்னவள்தான்.

தையல்காரி உள்ளறைப் பக்கம் முறைத்தாள். எதிரில் சின்னவளின் டீச்சர் உட்கார்ந்திருக்கிறார். "வாய்ப்பாடு ஒண்ணுகூட ஏறலைங்க. இன்னொரு வருஷம் அதே வகுப்புல இருக்கட்டும்" என்று சொல்லி, கையெழுத்து வாங்கத் தாளோடு வந்திருக்கிறார். இந்த நேரத்திலா விளையாட்டு?

கணவன் கண்ணை மூடிய நாளிலிருந்து அந்த ஒரு மெஷின்தான் மூன்று வயிற்றையும் காத்தது. மூத்தவள் எதையும் பத்துமுறை எழுதினால் போதும், கல்லில் வெட்டிய மாதிரி நிற்கும். அதனால் சின்னவளுக்கும் அதே பத்துமுறை. எழுதினாள், அழுதாள், மறந்தாள். ஓரிடத்தில் கால் பாவாத அவளுக்கு வீட்டில் பெயரே பம்பரம். நூலைச் சிக்கலாக்குகிறாள் என்று நேற்று மெஷினின் பெல்ட்டைக்கூடக் கழற்றி வைத்தாயிற்று. இப்போது வெறும் மிதியை மிதிக்கிறாள்.

"பம்பரம், இங்க வாடி."

வந்து நின்றாள்.

"எட்டேழு எவ்வளவும்மா?" என்றார் டீச்சர்.

சின்னவள் உதட்டைக் கடித்தாள். சுவரைப் பார்த்தாள்.

"நேத்து பத்துத் தடவை எழுதினியேடி" என்றாள் அம்மா.

"கைதான்மா எழுதுச்சு. எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். தையல்காரி பேனாவை வாங்கினாள். உள்ளே மிதி மறுபடி ஓடியது. கூடவே ஒரு சின்னக் குரல். "ஓரேழு ஏழு... ஈரேழு பதினாலு... மூவேழு இருபத்தொண்ணு..." மிதிக்கு ஒரு வரி, பிசகாமல் எழுபதுவரை போனது.

பேனா தாளுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"தினமும் இப்படித்தான் டீச்சர்" என்றாள் வாசலோரம் நின்ற மூத்தவள். "கால் நின்னா வாயும் நின்னுடும்."

"முன்னாடியே சொல்றதுக்கென்னடி?"

"நீ கேட்டியா? ஒருத்தி அளவுல இன்னொருத்திக்கு வெட்டமாட்டேன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றே. எங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஒரே அளவாம்மா?"

தையல்காரி உள்ளே ஓடினாள். மிதி சட்டென்று நின்றது.

"விளையாடலைம்மா."

"தெரியும்டி கண்ணு. மிதி, நிறுத்தாத."

பின்னாலேயே வந்த டீச்சர் கேட்டார், "எட்டேழு?"

கால் எட்டு முறை ஏறி இறங்கியது. "அம்பத்தாறு."

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான், கையிலிருப்பது யாரோ தைக்கக் கொடுத்த துணி என்று தெரிந்தது.

"பரீட்சைக்கு மெஷினைத் தூக்கிட்டு வர முடியாதேம்மா" என்றார் டீச்சர்.

"பெஞ்சுக்கு அடியில காலாட்டட்டும் டீச்சர். நீங்க அதட்டாம இருந்தாப் போதும்."

டீச்சர் கையெழுத்தாகாத தாளை நாலாக மடித்தார். பைக்குள் வைத்தார். "நான்தான் தினமும் அதட்டினேன். இதை நான் கிழிக்கலைங்க. திங்கக்கிழமை மறுபடி கேக்குறேன். காலாட்டிக்கிட்டே சொல்லட்டும், பாக்கலாம்."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். தெருமுனை திரும்பும்வரை அந்தக் கடகட அவருக்குக் கேட்கட்டும் என்று நின்றாள் தையல்காரி. பிறகு மெல்லக் கதவைச் சாத்தினாள்.