அடுத்த தெருவில் ஒரு தாய்வீடு

மைசூரில் ஒரு நர்சிங் ஹோமின் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் டாக்டரம்மாவுக்குத் தமிழ் வராது. கொள்ளேகால், ஹனூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கன்னடம் நன்றாகவே வரும். ஆனால் பயம் வந்துவிட்டால் தமிழ் மட்டும்தான் வரும். அப்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்த வேலைக்கு வரும் சின்னப் பெண்களுக்காக, என்னை நன்றாகக் குழப்பிய ஒரு கேஸை மட்டும் எழுதுகிறேன்.

1. வருமா, வராதா?

ஈஸ்வரிக்கு அது இரண்டாவது கர்ப்பம். முதல் கர்ப்பத்தில் எட்டாம் மாதம், ஹனூரைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் அம்மா வீட்டில் இருந்தபோது வயிறு வலித்திருக்கிறது. சூட்டு வலி என்று நினைத்து அம்மா ரங்கம்மா சீரகத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார். பிறகு ரத்தம் போயிருக்கிறது. வண்டி பிடித்து மைசூர் வந்து சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது. பிரசவத்துக்கு முன்பே நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரிலிருந்து பிரிந்துவிட்டது. வார்டில் இதை அப்ரப்ஷன் என்போம். அந்தக் கொடி வழியாகத்தான் குழந்தைக்கு எல்லாமே போகிறது. பிரிந்தால் நேரமே கிடையாது.

இந்த முறை ஆரம்பத்திலேயே வந்துவிட்டார்கள். கணவன் நாகராஜு மைசூரில் சென்ட்ரிங் வேலை பார்ப்பவன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன்: "ஒரு தடவ வந்தவங்களுக்குத் திரும்ப வர்றதுக்கு மத்தவங்கள விட வாய்ப்பு ஜாஸ்தி. ஆனா முக்கால்வாசிப் பேருக்குத் திரும்ப வர்றதில்ல."

"அப்ப வராதுன்னு சொல்றீங்க" என்றான் நாகராஜு, முகம் மலர்ந்து.

"என்ன மாப்பிள்ளை நீங்க! சிஸ்டரம்மா வருமுன்னுதானுங்க சொல்றாங்கொ" என்றார் ரங்கம்மா.

சரி, மாற்றிச் சொல்லிப் பார்ப்போம் என்று, வராது என்பதை முதலிலும் வாய்ப்பு ஜாஸ்தி என்பதைக் கடைசியிலும் வைத்துச் சொன்னேன். இப்போது நாகராஜு அழ ஆரம்பித்துவிட்டான். எனக்குத் தலை சுற்றியது.

"ஸ்கேன்ல தெரிஞ்சுபோடாதுங்களா?" என்று கேட்டார் ரங்கம்மா. எல்லா நேரமும் தெரியாது என்றேன். "மாத்திரை?" வராமல் தடுக்கும் மாத்திரை என்று ஒன்று கிடையாது, பிபியைக் கட்டுக்குள் வைக்கலாம், அடிக்கடி பார்க்கலாம், நாள் நெருங்குவதற்கு முன்பே பிரசவம் பார்க்கலாம் என்றேன். "அப்பறம் எதுக்குங்க இத்தன படிப்பு?" என்றார். கோபம் வந்தது.

ஈஸ்வரி மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

2. வளையல் போட்ட பிறகு

ஏழாம் மாதம் வளைகாப்பு. அவர்கள் வழக்கத்தில், வளையல் போட்ட பெண் அன்றே தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும். ஹனூர் பேடவே பேடா, வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார் டாக்டரம்மா. பக்கத்திலேயே இருக்க வேண்டுமாம்.

ரங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "போன தடவையே கண்ணு பட்டுப்போச்சுங்க. வளையல் போட்டுப்போட்டு புருசன் ஊட்லயே உக்கார வெச்சா, இதும் நிக்குமுங்களா?"

அவர் பயப்படுவதும் அதே குழந்தைக்காக, நான் பயப்படுவதும் அதே குழந்தைக்காக. வளைகாப்பே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஒருவேளை ஏதாவது ஆகிவிட்டால், வளையல் போடாததால்தான் என்று அந்தப் பெண் ஆயுள் முழுக்க நினைப்பாளே என்று வாயை மூடிக்கொண்டேன்.

வழி கண்டுபிடித்தவன் நாகராஜு. எங்கள் நர்சிங் ஹோம் இருக்கும் அக்ரஹாரம் பகுதியிலேயே, அடுத்த தெருவில் ஒரு பூக்கடைக்குப் பின்னால் ஒற்றை ரூம் பிடித்தான். ரங்கம்மா ஊரிலிருந்து தன் விளக்கையும் பாத்திரங்களையும் கொண்டுவந்து பால் காய்ச்சினார்.

"வாடக ஊடு தாய்வீடு ஆயிருமுங்களா, மாப்பிள்ளை?"

"நீங்க இருக்கற எடந்தானுங்க அத்தை தாய்வீடு."

வளைகாப்பு முடிந்து ஈஸ்வரி கை நிறைய வளையலோடு அந்த ரூமுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

3. சும்மா வந்தவள்

அதன் பிறகு அவள் வார்டுக்கு வராத வாரமே இல்லை. இடுப்பு வலி என்று வருவாள், குழந்தை அசையவில்லை என்று வருவாள். மானிட்டர் போட்டால் இதயத் துடிப்பு ஜம்மென்று ஓடும். "மத்தே பந்த்லா நிம்ம ஈஸ்வரி?" என்று கூட வேலை செய்தவர்கள் என்னைக் கிண்டல் செய்தார்கள். மறுபடி வந்துவிட்டாளா உங்கள் ஈஸ்வரி என்று.

"சும்னே வந்து தொல்ல பண்றனாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இல்லம்மா. ரத்தம் வந்தா வா. ரத்தமே இல்லாம வயிறு இறுகி இளகாம இருந்தாலும் வா. கொழந்த அசைவு கொறஞ்சாலும் வா" என்று பழைய பாட்டையே பாடி அனுப்பினேன். ஆனால் உள்ளுக்குள் சந்தேகம்தான். இவளை எச்சரிக்கிறேனா, பயமுறுத்தியே நோயாளி ஆக்குகிறேனா? அவள் வளையல் சத்தம் கேட்டாலே நானும் மானிட்டரை எடுத்து வைத்துவிடுவேன்.

4. ஜம்பு சவாரி அன்று

ஜம்பு சவாரி என்ற தசரா யானை ஊர்வலத்துக்காக அரண்மனையைச் சுற்றி ரோடெல்லாம் அடைத்துவிட்டார்கள். ஆட்டோ, பஸ் எதுவும் இல்லை. டாக்டரம்மா அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தார்.

பகல் சாப்பாட்டு நேரம். வாசலில் சத்தம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஈஸ்வரியை உட்கார வைத்து, நாகராஜுவும் பூக்கடைக்காரரும் கூட்டத்துக்குள் புகுந்து தூக்கி வந்தார்கள். பின்னால் ரங்கம்மா, கையில் மூடி போட்ட டம்ளரோடு.

"ரத்தம் வரலக்கா. இன்னிக்கும் சும்னேதான் இருக்கும், வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றாள் ஈஸ்வரி. உதடு வெளுத்திருந்தது.

வயிற்றில் கைவைத்தேன். பலகை. காத்திருந்தேன், இளகவில்லை. மானிட்டரில் துடிப்பு தடுமாறியது. டாக்டரம்மா வந்து பார்த்ததும் நேராக ஆபரேஷன் தியேட்டர்தான்.

குழந்தை உடனே அழவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பெண் குழந்தை. நஞ்சுக்கொடியைத் திருப்பிக் காட்டினார் டாக்டரம்மா. பின்பக்கம் ரத்தக் கட்டி. உள்ளேயே தேங்கியதால் வெளியே ஒரு சொட்டுகூட வரவில்லை.

வெளியே வந்து சொன்னேன். ரங்கம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். டம்ளர் இன்னும் கையில்தான் இருந்தது. சீரகத் தண்ணீர்.

"காச்சிப்போட்டனுங்க. வாய்க்கிட்ட கொண்டு போயிட்டேன். வயித்தத் தொட்டா போன தடவையாட்டமே இருந்துச்சுங்க. குடுக்கலைங்க சிஸ்டரம்மா, குடுக்கல."

நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

ஆக, வந்தது. அப்படியானால் வரும் என்று சொன்ன ரங்கம்மாதான் சரியா? அதே சமயத்தில், அதே கதையோடு எங்களிடம் வந்த இன்னொரு பெண்ணுக்குக் கடைசி வரை ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கும் இதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருந்தேன். இன்றுவரை எனக்கு இதில் தெளிவு இல்லை. வருமா என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்ல முடியும். ஆனால் அத்தோடு நிறுத்தாதீர்கள். வந்தால் நீ எங்கே இருப்பாய், யார் தூக்கி வருவார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைசியாகக் காட்ட வந்தபோது, அடுத்த பிரசவத்தைப் பற்றி டாக்டரம்மா சொன்னார். வாய்ப்பு இப்போது இன்னும் கூடுதல், அப்போதும் வராமலே போகலாம். நான் தமிழில் சொல்லிவிட்டு, இன்று யார் அழப்போகிறார்களோ என்று பார்த்தேன்.

ரங்கம்மா பேத்தியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு மருமகனைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, அந்தப் பூக்கடைக்காரருகிட்ட ரூமு நமக்குத்தான்னு சொல்லி வெச்சுப்போடுங்க."