அத்தைக்கு வாசித்த மூன்று ஓலை

போன வாரம் என் தம்பி பேத்தி வந்திருந்தாள். அவளுக்கும் சரி, கட்டிக்கப் போகிற பையனுக்கும் சரி, சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் கல்யாணம் கோயிலில்தானாம். கோயில் என்று நாங்கள் சொல்வது எங்கள் கிறிஸ்தவக் கோயிலை. வீட்டில் சண்டை வராதாம், போட்டோவும் அழகாக விழுமாம். "தப்பா ஆச்சி?" என்று கேட்டாள். நான் அஞ்சாப்போடு படிப்பு நின்றவள், சரி தப்பு சொல்ல நான் யார்? எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொன்னேன். அதையே எழுதியும் வைக்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. ராஜபாளையத்தில் இருந்தோம். அப்பாவைப் பெற்ற தாத்தாதான் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, பாய் விரிப்பது, ஐயருக்கு அங்கி எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். தாத்தா மணி அடித்த பிறகுதான் மில் சங்கே ஊதும் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வேன்.

அவருடைய ஒரே மகள் என் அத்தை. நூல் மில்லில் வேலை. அங்கேயே ஒரு மாமாவையும் பிடித்துப்போயிற்று. அவரும் நம்ம கோயில்காரர்தான், ஸ்ரீவில்லிபுத்தூர். சாமியெல்லாம் இல்லை என்பதில் இரண்டு பேரும் ஒரே கட்சி. ஞாயிற்றுக்கிழமை தாத்தா மணி அடிக்க அடிக்க அத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவாள்.

தாத்தா கல்யாணத்துக்குச் சம்மதித்தார். கோயிலில் நடக்கவேண்டும், அது ஒன்றுதான் கேட்டார். "அரைமணி நேரம் நிக்கணும், அம்புட்டுத்தானே" என்றார் மாமா. அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை சொல்ல யாரும் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று ஐயர் கேட்பார். யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. கேட்டுவிட்டு அவரே அடுத்த தாளைப் புரட்டிவிடுவார்.

மூன்றாம் ஓலை அன்று அத்தை கோயிலுக்கு வந்தாள். தாத்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மணியை இரண்டு இழுப்புக் கூடவே இழுத்தார். ஐயர் வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். என் பக்கத்தில் இருந்த அத்தை எழுந்து நின்றாள்.

"எனக்குத் தடை இருக்கு, ஐயரே."

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? ஒன் கல்யாணம்ட்டி அது!" என்று பின்னாலிருந்து ஒரு பொம்பளை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

அத்தை உட்காரவில்லை. "நம்பாத சாமி முன்னால நான் சத்தியம் பண்ணணும்ல? எங்கய்யா நாப்பது வருசமா மெய்யா மணி அடிச்ச எடம் இது. இங்க நின்னு நான் பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன்."

அந்தக் குரல் நடுங்கவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும்.

தாத்தா மணிக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றார். எல்லாரும் போன பிறகு பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வந்தார். அதோடு அத்தையிடம் பேச்சு நின்றது. "ஒங்கத்தைய சோறு போடச் சொல்லுட்டி" என்பார் என்னிடம். அத்தை ஒரு முழத்துக்கு அந்தப்பக்கம்தான் நிற்பாள்.

பொறவு இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் ரிஜிஸ்தர் ஆபீசில் எழுதிக் கொடுத்தார்கள். அங்கேயும் பேரை எழுதி ஒட்டி முப்பது நாள் தடை கேட்பார்களாம். "அங்கயும் எந்திரிச்சு நின்னுராத தாயி" என்று மாமா கேலி பண்ணினார். அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட அவள் அய்யா வருவாரா, அதுதான் அவள் கவலை. கேட்க மட்டும் மாட்டாள். அவரும் சொல்ல மாட்டார்.

அடுத்த ஞாயிறு கோயில் முடிந்ததும் தாத்தா என்னைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். ஆபீஸ் பூட்டியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை லீவு என்றான் வாசலில் இருந்த வாட்ச்மேன். வராந்தாவில் கம்பிவலை போட்ட பலகையில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது.

"வாசிட்டி. சத்தமா வாசி."

எழுத்துக்கூட்டி வாசித்தேன். கேட்டுவிட்டுச் செத்த நேரம் காலி வராந்தாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

அதற்கடுத்த ஞாயிறும் அதே கதை. "பெரியவரே, ஞாயித்துக்கெழம லீவுன்னு போன வாரமே சொன்னேம்லா?" என்று வாட்ச்மேன் சிரித்தான். தாத்தாவுக்கு ஞாபகம் போய்விட்டதே என்று எனக்கு ஒரே வெட்கம். கண்ணும் போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன். கண்ணாடி என்னவோ அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.

மூன்றாம் ஞாயிறு ஒரு எழுத்துத் தட்டாமல் வாசித்தேன். தாத்தா துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். ஐயர் கேட்கிற மாதிரியே, "இதுக்குத் தடை சொல்ல யாரும் இருக்கீகளா?" என்று கேட்டார். வாட்ச்மேன் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து, "எனக்கு ஒண்ணுமில்ல சாமி" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் தாத்தா நேரே அடுப்படிக்குப் போனார். என்னிடம் சொல்லவில்லை, அத்தையிடமே சொன்னார்.

"மூணு ஓலையும் வாசிச்சாச்சு. தடை ஒண்ணும் வரல. கையெழுத்துப் போட எத்தன மணிக்கு வரணும்?"

அத்தை கரண்டியைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். கோயிலில் அத்தனை பேர் முன்னால் கலங்காதவள். பாதிப் பால்கோவாவை நான் பஸ்ஸிலேயே தின்றுவிட்டது தெரிந்துபோயிற்று என்று பயந்து, மிச்சத்தை அப்படியே அவள் கையில் வைத்தேன்.